எல்லா முக்கோணிக்கும் பொருந்துமோ?

தமிழ் படிப்பிக்கின்ற ஒருவனுக்குக் கணித வகுப்பிலே என்ன வேலை? இக்கட்டுரையை வாசிக்கத் தொடங்கும் கணித ஆசிரியர் சிலருடைய உள்ளத்திலே இவ்வினா எழுதல் இயல்பு. என் உள்ளத்திலும் அது எழுந்தது. முப்பது ஆண்டுகளாக எழுவாயும் பயனிலையும், வேற்றுமையும் புணர்ச்சியுமே என் தொழில். கூட்டலும் கழித்தலும் சம்பள நாளில் மாத்திரம் என் நினைவுக்கு வருவன. அத்தகைய நான் கணிதம் பற்றி எழுதப் புகுந்தது, கணிதம் அறிந்ததனால் அன்று. கணித வகுப்பொன்றிலே, என் மாணவி ஒருத்தியிடத்திலே, நான் தோற்றதனால்.

தமிழுக்கும் கணிதத்துக்கும் இடையே இன்று நாம் எழுப்பியிருக்கும் மதில் பழையது அன்று. 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியிலே தமிழும் கணிதமும் வானசாத்திரமும் ஒரே மாணவருக்கே கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இலே வீசகணிதம் என்னும் நூலைத் தமிழிலே தந்தார். அவரும், அங்கேயே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். ஒருவர் கணிதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மற்றவர் செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். இவ்விருவர் தொழிலும் வேறு வேறு போலத் தோன்றும். உள்ளே நோக்கினால் இரண்டும் ஒன்றே. கண்டதை அப்படியே நம்பிவிடாமல் ஆராய்ந்து கொள்ளுதலே அத்தொழில். அந்த ஆராய்ச்சி இன்றைய இணையத்தின் உதவியோடு நம் வகுப்பறைகளிலே வளருமா, அன்றி இணையத்தினாலேயே மடியுமா என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நடந்ததைச் சொல்லுகிறேன்.

எங்கள் விசுவமடு, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியிலே, தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையில் உள்ள ஊர். படித்த வாலிபர் குடியேறி மிளகாயும் வெங்காயமும் விளைவித்துப் பேரெடுத்த மண். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பின்னர்த் திரும்பி வந்து, பற்றை வெட்டி, கூரை போட்டு, மறுபடியும் பள்ளிக்கூட மணி அடித்தோம். இன்று கடலுக்கு அப்பால் வாழுகின்ற எங்கள் பழைய மாணவர் பலர். அவர்களுள் ஒருவர், கனடாவில் இருப்பவர், நாள்தோறும் எனக்கு வட்ஸ்அப் வழியாக ஏதேனும் ஒரு செய்தி அனுப்புவார். ஒருநாட் காலை வந்த செய்தி இது: பைதகரசுக்கும் முன்னரே போதையனார் என்னும் தமிழ்ப் புலவர், செங்கோண முக்கோணியின் செம்பக்கத்தை வர்க்கமூலம் இல்லாமலே காணும் வழியைச் செய்யுளாகப் பாடிவிட்டார், தமிழனாயின் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புக.

செய்யுளும் உடன் இருந்தது. அதன் பொருள் எளியது. நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளிவிடு, எஞ்சிய ஏழு கூற்றோடு மற்றப் பக்கத்தின் அரைவாசியைக் கூட்டு, வருவதே செம்பக்கம். உதாரணமும் தரப்பட்டிருந்தது. பக்கங்கள் மூன்றும் நான்கும் ஆயின், நான்கின் எட்டிலொன்று அரை, அரையைத் தள்ள மூன்றரை, மூன்றின் பாதி ஒன்றரை, கூட்ட ஐந்து. பைதகரசின் தேற்றமும் ஐந்தென்றே சொல்லுகின்றது. இன்னோர் உதாரணம்: ஐந்தும் பன்னிரண்டும். பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. அதுவும் சரி.

எனக்கு மெய்சிலிர்த்தது. பத்துப் பேருக்கு அனுப்பவில்லை. அதனினும் பெரிய காரியஞ் செய்தேன். அன்று காலைப் பிரார்த்தனையின் பின்னர், பாடசாலை முழுவதும் கேட்க அச்செய்யுளைப் பாடி, பொருள் விரித்து, “வர்க்கமூலம் தெரியாமல் வருந்தும் பிள்ளைகளே, உங்கள் பாட்டன் உங்களுக்கு வழி வைத்துப் போயிருக்கிறான்” என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது.

மூன்றாம் பாடவேளை, தரம் பதினொன்றிலே நுழைந்தேன். முன்வரிசையிலே இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். அவளுடைய தந்தையார் மேசன் வேலை செய்பவர். “ஐயா, ஒன்று கேட்கலாமோ?” என்றாள். கேள் என்றேன். “மூன்று, நான்கு, ஐந்து அப்பாவுக்கும் தெரியும். அத்திவாரம் வெட்டும்போது நூல் பிடித்து அதைத்தான் பார்ப்பார். மற்ற முக்கோணிகளுக்கும் இது சரிவருமோ?”

எனக்கு விடை தெரியவில்லை. ‘புலவர் வாக்குப் பொய்க்குமா?’ என்று சொல்ல நா எழுந்தது. நல்ல வேளையாக, நா எழுந்த வேகத்திலே அறிவும் எழுந்தது. “கணித ஆசிரியையிடம் போவோம்” என்றேன்.

கணித ஆசிரியை வயதிலே என் மகளையொத்தவர். சிரித்துக்கொண்டே, “நானும் காலையில் கேட்டேன், பண்டிதர் ஐயா. நாளைக்கு உங்கள் தமிழ்ப் பாடத்தையும் என் கணித பாடத்தையும் சேர்த்து எடுப்போம்” என்றார். மறுநாள் அவ்வாறே கூடினோம். அவர் முதலிற் கணினியைத் திறக்கவில்லை. கரும்பலகையை நான்கு பகுதியாகக் கீறி, நான்கு முக்கோணிகளைக் கொடுத்து, பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார். எட்டும் பதினைந்தும் எடுத்த குழுவுக்குப் பைதகரசு பதினேழு என்றார். செய்யுளின் வழி பதினேழே அரைக்காலுக்குப் போனது. ஏழும் இருபத்துநான்கும் எடுத்த குழுவுக்கு உண்மை விடை இருபத்தைந்து. செய்யுளோ இருபத்துநான்கரையோடு நின்றது. இருபதும் இருபத்தொன்றும் எடுத்தவர்களுக்கு இருபத்தொன்பது வரவேண்டிய இடத்திலே இருபத்தெட்டே முக்காலரைக்காலும் அன்று, இருபத்தெட்டே காலரைக்காலே வந்தது. நான்காவது குழுவுக்கு அவர் கொடுத்தது எட்டும் ஒன்றும். எட்டில் ஒரு கூறு போக ஏழு; ஒன்றின் பாதி அரை; ஆக ஏழரை.

வகுப்பு சிரித்தது. ஏனெனிற் செம்பக்கம் ஏழரையாம். அதனோடு சேர்ந்த பக்கமோ எட்டு! செங்கோண முக்கோணியிலே செம்பக்கமே மிகப் பெரிய பக்கம் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒற்றையடிப்பாதையாலே நேரே போகும் தூரம் எட்டு. அதனினும் விலகிச் சரிந்து போகும் தூரம் ஏழரையாம். எங்கள் ஊர் மாடுங்கூட இதனை ஒப்புக்கொள்ளாது.

அதன் பின்னரே கணினி திறக்கப்பட்டது. ஜியோஜீப்ரா என்றொரு மென்பொருள் உண்டு. ஆஸ்திரியா நாட்டிலே மார்க்கஸ் ஹோகன்வாட்டர் என்பவர் 2001ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஆசிரியரும் மாணவரும் விலையின்றிப் பெறலாம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையத் தொடர்பு அறுந்தபோதும் வேலை செய்யும். அதிலே ஒரு செங்கோண முக்கோணியை வரைந்து, ஒரு மூலையை விரலாலே இழுத்தால் முக்கோணி நீளும், குறுகும். பக்க அளவுகள் கூடவே மாறும். கணித ஆசிரியை ஒரு பக்கத்திலே உண்மைச் செம்பக்கமும், மறுபக்கத்திலே செய்யுள் சொல்லும் செம்பக்கமும், கீழே இரண்டன் வித்தியாசமும் தோன்றும்படி அமைத்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மூலையை இழுத்தனர். வித்தியாசம் ஏறியது, இறங்கியது. இரண்டே இடத்தில் மாத்திரம் பூச்சியத்தைத் தொட்டது. ஓரிடம் மூன்றுக்கு நான்கு. மற்றோரிடம் ஐந்துக்குப் பன்னிரண்டு.

அதாவது, வட்ஸ்அப்பிலே வந்த அவ்விரண்டு உதாரணங்களே, அச்சூத்திரம் முற்றும் பொருந்துகின்ற விகிதங்கள் இரண்டும்!

இஃது எனக்கு ஒரு பேரதிர்ச்சி. ஆயினும் கணித ஆசிரியை அங்கே நிறுத்தவில்லை. “கணினி இரண்டிடம் என்று காட்டுகிறது. மூன்றாவது இடம் ஒன்று நம் கண்ணுக்குத் தப்பியிராது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார். வகுப்பு மௌனமாயிற்று. அந்த மௌனத்தை நான் மறக்கமாட்டேன். பின்னர் அவரே வழி தொடக்கிவைத்தார். நெடும்பக்கத்தை ஒன்று என்றும் குறும்பக்கத்தைக் க என்றும் கொள்க. செய்யுளின் செம்பக்கம் எட்டில் ஏழோடு கவின் பாதி. அதன் வர்க்கம், ஒன்றோடு கவின் வர்க்கத்தைக் கூட்டியதற்குச் சமனாதல் வேண்டும். விரித்துச் சுருக்கினால் வருவது 48க² − 56க + 15 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு. காரணிப்படுத்தினால் (4க − 3)(12க − 5) = 0. ஆகவே க நான்கில் மூன்று, அல்லது பன்னிரண்டில் ஐந்து. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுக்கு மேல் இல்லை. எனவே மூன்றாவது இடம் இல்லை. கணினி காட்டியது, இயற்கணிதம் நிறுவியது.

சாதாரண தரத்துக்குரிய இருபடிச் சமன்பாட்டை நம் பிள்ளைகள் பல நூறு முறை தீர்க்கின்றனர். அதனாலே எதனையேனும் அறிந்துகொண்டதாக அவர்கள் உணர்வது அரிது. அன்று உணர்ந்தனர். முதல்நாள் என்னிடம் வினாவிய பிள்ளையே கடைசிப் படியை எழுதி, வெண்கட்டியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள். வெற்றிப் பார்வை அன்று. ‘ஐயாவுக்கு மனம் நொந்திருக்குமோ?’ என்னும் பார்வை.

நொந்தது உண்மை. ஆயின் அந்நோவு அன்றோடு தீர்ந்துவிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையிலே எழுந்து, முன்னர் முழங்கிய அதே இடத்திலே நின்று, நான் சொன்னது பிழையென்று சொன்னேன். அதையும் கனடாவிலிருக்கும் மாணவருக்கு எழுதினேன். அவர் பதில் ஒரு வரி: “ஐயா, நீங்களுமா?”

அவ்வொரு வரியை இலேசாகக் கடந்துபோக என்னால் இயலவில்லை. அவர் இவ்வூரை விட்டுப் போனபோது கையில் ஒன்றும் கொண்டுபோனவர் அல்லர். வீடு இல்லை, வளவு இல்லை, படித்த பள்ளிக்கூடத்தின் கூரையும் இல்லை. எஞ்சியது மொழியும், அம்மொழி பெரியது என்னும் நம்பிக்கையுமே. அந்நம்பிக்கையிலே ஒரு செங்கல்லை அவருடைய ஆசிரியனே உருவிவிட்டான் என்று அவர் எண்ணினார். இழந்தவர்களிடத்திலேதான் இத்தகைய செய்திகள் விரைவிலே பரவுகின்றன. அதனை எள்ளி நகையாடுதல் எளிது, அறமன்று.

அவருக்கு நான் எழுதிய மறுமொழியின் சாரம் இது. 1981இலே யாழ்ப்பாணத்துப் பொதுநூலகம் எரிந்தது. ஏடுகள் எரிந்தன. அவற்றிலே என்ன இருந்தது என்று இனி எவராலும் முற்றச் சொல்ல முடியாது. அத்துயரம் நமக்கு உண்டு. ஆயின், எரிந்துபோன ஏட்டுக்கு ஈடாக இல்லாத புகழை நாமே கற்பித்துக்கொள்ளலாகாது. அவ்வாறு செய்தால், உள்ள ஏட்டையும் உலகம் ஐயுறும். சூத்திரத்தின் உண்மைப் பெருமை எதுவோ அதனைச் சொல்லுவோம், அதுவே போதும்.

அதன் உண்மைப் பெருமைதான் யாது? அதனையும் அவ்வகுப்பே கண்டது. குறும்பக்கம் நெடும்பக்கத்தின் காற்பங்குக்குக் குறையாதிருக்குமாயின், இவ்வழியால் வரும் விடையிலே உள்ள பிழை நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. மேற்சொன்ன இரண்டு விகிதங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணிகளிலோ நூற்றுக்கு ஒன்றுக்குங் குறைவு. வர்க்கமூலம் காணத் தெரியாத ஒருவன், மனக்கணக்காகவே, கூரைக்குக் கைமரம் எத்தனை அடி வேண்டும் என்று மதிப்பிட்டு மரம் வாங்குவதற்கு இதனிலும் இலகுவான வழி வேறொன்று வேண்டா. ஆயின் பத்தடிக்குப் பத்தடி அறையொன்றின் மூலைமட்டம் பார்க்க இதனைக் கொண்டால், மூலைவிட்டம் பதின்மூன்று அடி ஒன்பது அங்குலம் என்று வரும். உண்மையோ பதினான்கு அடியும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலமும். ஐந்து அங்குலத்துக்குச் சற்றே குறைந்த வித்தியாசம். சுவர் கோணிவிடும். மேசனின் மகள் வினாவியது வெறும் ஐயம் அன்று, கைத்தொழில் அறிவு. மரம் வாங்க உதவும். மூலை பார்க்க உதவாது. இவ்வளவே தீர்ப்பு. ஒரு சூத்திரத்துக்கு இதனைவிட நேர்மையான மரியாதை வேறு உண்டோ?

இனித் தமிழாசிரியனாகிய என் பங்கு. அச்செய்யுளை மறுபடியும் எடுத்து, பதவுரை எழுதப் பிள்ளைகளைப் பணித்தேன். ‘எப்பக்கத்தை எட்டுக் கூறாக்குவது?’ என்று ஒருவன் வினாவினான். மூன்றை எட்டுக் கூறாக்கி நான்கைப் பாதியாக்கினால் ஐந்து வாராது. நான்கே முக்காலுக்குங் குறைவாக வரும். ஆகவே பெரிய பக்கத்தையே எட்டாக்குதல் வேண்டும் என்னும் நிபந்தனை தேவை. அந்நிபந்தனை செய்யுளிலே வெளிப்படையாக உளதா, உரையாசிரியன் வருவித்துக் கொள்ளவேண்டியதா? செய்தியிலே வந்த செய்யுள் ‘கர்ணம்’ என்கின்றது. நம் பாடநூல் ‘செம்பக்கம்’ என்கின்றது. இச்சொற்கள் எக்காலத்தன? அச்செய்தி நூற்பெயரைச் சொல்லுகின்றதா? ஏட்டின் இருப்பிடத்தைச் சொல்லுகின்றதா? பதிப்பாசிரியன் பெயரைச் சொல்லுகின்றதா? ஒன்றும் இல்லை. வடமொழியிலே பௌதாயனர் பெயரால் ஒரு சுல்ப சூத்திரம் உண்டு. வேள்விமேடை அமைக்கும் அளவைகளைக் கூறுவது. பைதகரசின் பெயரால் நாம் வழங்கும் தேற்றத்தின் பொருள் அதிலே காணப்படுகின்றது. பெயர்கள் ஒத்தொலிக்கின்றன என்று கண்டவுடனே முடிவு கட்டலாகாது என்பதும் அன்று பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.

இவையெல்லாம் புதுமையா? நம் உரையாசிரியர்கள் செய்தது இதுவே. சூத்திரம் ஒன்றைக் கூறுவர். அதற்குத் தாமே தடை எழுப்புவர். பின்னர் விடை கூறுவர். தடை இல்லாத இடத்திலே உரை சோபிப்பதில்லை. நன்னூலார் மாணாக்கனுக்கு விதித்த கடன்களிலே வினாவுதலும் ஒன்று. வள்ளுவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்திலே, சொன்னவர் யார் என்பதைவிடச் சொன்ன பொருளின் உண்மையையே தேடச் சொன்னார். ‘விமர்சனச் சிந்தனை’ என்று இக்காலக் கல்வியாளர் எதனை வேண்டி நிற்கின்றனரோ, அது நம் வீட்டுத் திண்ணையிலே நெடுங்காலம் இருந்தது. நாம்தான் அதனை இலக்கண வகுப்பிலும் மறந்தோம். கணித வகுப்பிலும் மறந்தோம். சூத்திரத்தை மனனஞ் செய், இலக்கத்தைப் பிரதியிடு, விடையை இரண்டு கோடிட்டு முடி. இதுவே கணிதம் என்றாயிற்று.

இந்நிலையிலே இணையம் வந்தது. 2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, அது வாசல் வழியாக அன்று, கூரை வழியாகவே நம் வகுப்புக்குள் இறங்கியது. அப்பொழுது நாம் அதனை எவ்வாறு பயன்படுத்தினோம்? கரும்பலகையிலே எழுதுவதைத் தாளிலே எழுதி, படம் பிடித்து, வட்ஸ்அப்பில் அனுப்பினோம். பிள்ளை அதனைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, படம் பிடித்து, திருப்பி அனுப்பியது. பனங்கிழங்கை வெள்ளித்தட்டில் வைத்தாலும் அது பனங்கிழங்கே. கருவி மாறியது, கற்பித்தல் மாறவில்லை.

இணையத்திலே கணித ஆசிரியருக்கு உதவுவனவற்றை மூன்று வகையாக யான் காண்கிறேன். முதலாவது வகை, சொல்லித் தருவன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ மும்மொழியிலும் பாடங்களை வைத்திருக்கின்றது. கான் அக்கடமி போன்றவை உலகமெங்கும் உள. இவை நல்லன, பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கும், ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கும் பேருதவி. ஆயின் இவை பெரும்பாலும் சொல்லும், பிள்ளை கேட்கும். இரண்டாவது வகை, சோதித்துப் பார்க்க இடந்தருவன. மேற்கூறிய ஜியோஜீப்ரா அத்தகையது. அது பிள்ளைக்கு விடை சொல்லுவதில்லை. ‘இழுத்துப் பார்’ என்கின்றது. மூன்றாவது வகை, மூலத்தைக் காட்டுவன. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கிலே திரட்டி வைத்திருக்கின்றது. ஒரு கூற்றுக்கு ஆதாரம் உண்டா என்று விசுவமடுவிலிருந்தே தேடலாம், கப்பலேற வேண்டியதில்லை.

நாம் முதலாவது வகையையே இணையக் கல்வி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இதுவே என் குறை. சிந்தனையை வளர்ப்பன இரண்டாவதும் மூன்றாவதும். அவற்றையும் வகுப்பிலே உயிர்ப்பிப்பது நான்காவதாகிய ஒன்று. அஃது இணையத்தில் இல்லை. ‘மற்றவற்றுக்கும் சரிவருமோ?’ என்னும் வினாவும், ‘எப்படித் தெரியும்?’ என்று ஆசிரியை தொடுத்த மறுவினாவுமே அது.

இவ்வினாக்களின் தேவை இன்று முன்னினும் பெரிது. கணக்கை எழுதிக் கொடுத்தாற் படிப்படியாகத் தீர்த்துத் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. அவை பெரும்பாலும் சரியாகவே சொல்லுகின்றன. பிழையாகச் சொல்லும்பொழுதும் அதே தடையற்ற நடையிலே, அதே நிமிர்ந்த குரலிலே சொல்லுகின்றன. தயங்கித் தயங்கிப் பிழை சொல்லும் மாணவனை நாம் அறிவோம். தயங்காமற் பிழை சொல்லும் ஆசானை எதிர்கொள்ள நம் பிள்ளைகளைப் பழக்கினோமா? அன்று காலைப் பிரார்த்தனையிலே நானும் தயங்காமலே பிழை சொன்னேன். நான் கைதட்டல் பெற்றேன் என்பதை ஆசிரிய நண்பர்கள் நினைவிற் கொள்க.

இதற்குத் தடை கூறுவார் உளர். ‘வன்னியிலே கைத்தொலைபேசித் தொடர்பு எங்கே? எல்லாப் பிள்ளைக்கும் கருவி எங்கே?’ என்பது முதற்றடை. நியாயமான தடை. குளக்கட்டின் மேலேறி நின்று தொடர்பு தேடிய பிள்ளைகளை நானே கண்டேன். 2022இலே மணிக்கணக்காக மின்சாரம் தடைப்பட்ட நாட்களையும் கண்டேன். ஆயின் நாங்கள் செய்த பாடத்துக்கு வேண்டியது ஒரேயொரு கணினி. அதுவும் இறுதி இருபது நிமிடத்துக்கே. கணினி இல்லாவிடினும் வரைபுத்தாளும் நூலும் அடிமட்டமும் அப்பாடத்தின் பெரும்பகுதியைச் செய்துவிடும். கருவி குறைவது ஒரு குறை. வினா குறைவது அதனினும் பெரிய குறை.

‘பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பரீட்சை வருகின்றது’ என்பது இரண்டாவது தடை. இரண்டு பாடவேளை செலவிட்டோம். அவ்விரண்டிலே பைதகரசின் தேற்றம், பின்னம், சதவீதப் பிழை, இருபடிச் சமன்பாடு, காரணிப்படுத்தல் ஆகிய ஐந்தும் மீட்கப்பட்டன. தமிழிலே பதவுரையும் முடிந்தது. மீட்டற் பயிற்சிக்கு இதனிற் சிக்கனமான வழி உண்டாயின், அறிந்தவர் எழுதுக.

‘நல்ல கருவிகள் பலவும் ஆங்கிலத்தில் உள’ என்பது மூன்றாவது தடை. இத்தடைக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் கணித ஆசிரியர் அல்லர். என் போன்ற தமிழாசிரியரே. 1855இலே விசுவநாதபிள்ளை தனியொருவராய் இயற்கணிதத்தைத் தமிழிலே தர முடிந்ததாயின், இன்று ஒரு பாடசாலையின் தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் அருகருகே இருந்து வாரம் ஒரு புதிரைத் தமிழாக்க முடியாதா? மதிலின் இருபுறமும் நாமே நிற்கிறோம். மதிலைத் தாண்டத்தான் மனமில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு யான் வேண்டுவது சிறியது. மாதம் ஒருமுறை, கைத்தொலைபேசியிலே வந்த கணிதக் கூற்று ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வருக. அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்கச் செய்க. எங்கே உளது? எல்லாவற்றுக்கும் பொருந்துமோ? ஏன்? முதல் வினாவைத் தமிழாசிரியரும், இரண்டாவதைக் கணினியும், மூன்றாவதைக் கணித ஆசிரியரும் பொறுப்பேற்கட்டும். பிழை கண்டவிடத்து ஆசிரியர் தம் பிழையை மாணவர் முன்னே ஒப்புக்கொள்ளட்டும். அதனால் மதிப்புக் குறையும் என்று அஞ்சற்க. அத்திங்கட்கிழமைக்குப் பின்னர், வழியிற் கண்டால் ஒதுங்கிப் போகும் பிள்ளைகளுங்கூட என்னிடம் வந்து ஐயம் கேட்கிறார்கள்.

கனடா மாணவர் சில வாரம் மௌனமாயிருந்தார். பின்னர் ஒருநாள் ஒரு செய்தி வந்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலே பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணும் வழி உண்டாம். காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாலே பெருக்கி, ஐந்தாலே வகுக்க வேண்டுமாம். இம்முறை ‘பத்துப் பேருக்கு அனுப்புக’ என்னும் வரி இல்லை. “ஐயா, பிள்ளைகளைக் கொண்டு இதைப் பார்க்கச் சொல்லுங்கோ” என்று மாத்திரம் எழுதியிருந்தார்.

பார்க்கத்தான் போகிறோம். கணக்கதிகாரம் பெயரும் ஆசிரியரும் உள்ள நூல். முதல் வினாவிலே அது தேறிவிட்டது. மற்ற இரண்டு வினாவும் பலாக் காலத்துக்குக் காத்திருக்கின்றன. முட்களை எண்ண ஒரு குழு, சுளைகளை எண்ண ஒரு குழு, அட்டவணை எழுத ஒரு குழு என்று மேசனின் மகள் இப்பொழுதே பெயர் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு பழம் போதாது, பல மரத்துப் பழம் வேண்டும் என்பதும் அவள் கட்டளை. விடை யாதாய் வரும் என்று எனக்குத் தெரியாது. சுளை மாத்திரம் எவ்வாற்றானும் இனிக்கும்.